சாஃப்ட்வேருக்கும் உண்டு பாலாலயம்!

2017 பிப்ரவரி 6. திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலில் கும்பாபிஷேகம். கோயில் திருப்பணி என்றால், முதலில் பாலாலயம் செய்வார்கள். சுவாமியின் சக்தியைத் தற்காலிகமாக வேறிடத்தில் ஆவாஹனம் செய்வார்கள். சாரம் கட்டியிருந்தாலும் பூஜை நிற்காது.

அதே ஆண்டு செப்டம்பரில் சாஃப்ட்வேர் உலகிலும் ஒரு பாலாலயம் நடந்தது!

உங்கள் பேங்க் ஆப்பில் சின்ன மாற்றம் செய்தாலும், வெளியிடும் முன் ஏராளமான குட்டி டெஸ்ட்களை ஓடவிடுவார்கள். 'இருப்பைவிட அதிகமாகப் பணம் எடுக்க முடிகிறதா?' என்பதுபோல. ஜாவா மொழியில் இவற்றை எழுத உதவுவது 'ஜேயூனிட்'. 1997-ல் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் அட்லாண்டா செல்லும் விமானத்தில் உருவாக்கியது.

2017-ல் அதன் ஐந்தாம் பதிப்பு அடியோடு புதிய அமைப்பில் வந்தது. பல ஆண்டுகளாக எழுதிய பழைய டெஸ்ட்கள் என்னாவது? அதற்குத்தான் 'வின்டேஜ்' என்ற துணைக்கருவி. அதைச் சேர்த்தால் பழையதும் புதியதும் ஒன்றாக ஓடும். நிதானமாக ஒவ்வொன்றாக மாற்றி எழுதலாம்.

சேர்க்க மறந்தால்? பழைய டெஸ்ட்கள் ஃபெயில் ஆகாது; ஓடவே ஓடாது! புதியவை மட்டும் ஓடி, 'எல்லாம் பாஸ்' என்று பச்சை காட்டும். பிழை நேராக உங்கள் மொபைலுக்கு வரும். அதனால், மாற்றும் முன்பும் பின்பும் ஓடிய டெஸ்ட்களை எண்ணிப் பார்ப்பது அவசியம்.

2025-ல் வந்த ஆறாம் பதிப்பு, வின்டேஜுக்கு விடைகொடுக்கத் தயாராகச் சொல்லிவிட்டது. பாலாலயம் தற்காலிகம்தானே!