பெயரும் மதமும் ஒரே தாளில்

எகிப்தின் ஃபயூம் பகுதி மணலிலிருந்து கிடைத்த சில பாப்பிரஸ் தாள்கள் நம்மூர் தாலுகா ஆபீஸ் மனுவைப் போலவே இருக்கின்றன. கி.பி. 250, ஜூன், ஜூலை மாதங்களில் எழுதப்பட்டவை. மனுதாரரின் பெயர், தகப்பன் பெயர், ஊர் இருக்கும். சிலவற்றில் வயதும் புருவத்துத் தழும்பும்கூடக் குறிக்கப்பட்டிருக்கும். நான் எக்காலமும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் அரசாணைப்படி உங்கள் கண்ணெதிரே படையலிட்டு அதில் உண்டேன், சான்று தாருங்கள் என்று கேட்கும் வாசகம், ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒன்றுதான். அடியில் பார்த்தவர்களின் கையொப்பம். இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் இன்று அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் உள்ளன.

ரோமானியப் பேரரசன் டீசியஸின் ஆணை அது. கிறிஸ்தவர்கள் பட்ட பாடு என்றதும் நமக்கு நீரோவும் சிங்கமும்தான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால், சிங்கத்தைவிட இந்தத் தாள்தான் பயங்கரமானது. நீரோவின் வெறி ரோம் நகரத்தோடு நின்றது. அடுத்த நூற்றாண்டில் பேரரசன் டிராஜன்கூடத் தன் ஆளுநருக்கு, கிறிஸ்தவர்களைத் தேடிப் போக வேண்டாம், புகார் வந்தால் விசாரித்தால் போதும், பெயரில்லாப் புகாரைக் கையிலேயே வாங்காதே என்றுதான் எழுதினான். டீசியஸ் காலத்தில் புகாரே தேவைப்படவில்லை. குடிமக்கள்தான் அதிகாரியின் முன்னால் வந்து தங்கள் விசுவாசத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். முதலைத் தெய்வத்துக்குப் பூசை செய்த ஒரு பெண் பூசாரியும் இதே சான்றிதழை வாங்கியிருக்கிறார். அவர் கிறிஸ்தவராக இருக்க வழியே இல்லை. அப்படியும் தாள் வேண்டியிருந்தது.

ரோம் நகர ஆயர் ஃபேபியன் அந்த ஆண்டு ஜனவரியிலேயே உயிர்விட்டார். ஆனால் சபைகளை உலுக்கியது மரணங்கள் மட்டுமல்ல. கார்த்தேஜ் நகரில் பலர் பலியிட்டார்கள். சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். வேறு சிலர் எதையும் செய்யாமல், காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பெண்டு பிள்ளைகளைக் காப்பாற்ற நினைத்த தகப்பன் வேறென்ன செய்வான்? 251-இல் டீசியஸ் போர்க்களத்தில் மாண்டான். அதன் பிறகும், தாள் வாங்கியவரை மறுபடி திருவிருந்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று சபைகள் பிளந்து நின்றன. சிறைப்பட்டுத் திரும்பியவரும் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே கூரையின் கீழ் எப்படி ஜெபிப்பது என்ற கேள்விக்குப் பதில் தேடியே கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் எழுதிக் குவித்தார். 258-இல், அடுத்த அலையில், அவர் தலையும் வெட்டப்பட்டது.

யூதர்கள் இந்தப் பதிவேட்டின் கனத்தை முன்பே அறிந்தவர்கள். கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டபின், யூத ஆண்கள் அந்த ஆலயத்துக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த காணிக்கையை, ரோமின் ஜூபிடர் கோயிலுக்குச் செலுத்தும் வரியாக ரோமானியர்கள் மாற்றினார்கள். பெண்களும் குழந்தைகளும்கூட அதில் சேர்க்கப்பட்டார்கள். வரி என்றால் பட்டியல் வேண்டும், பட்டியல் என்றால் யார் யூதர் என்ற சோதனை வேண்டும். தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரை, விருத்தசேதனம் செய்தவரா என்று பார்க்க, கூட்டம் நிறைந்த விசாரணை மன்றத்தில் ஆடை களைந்ததைத் தாம் இளைஞராக இருந்தபோது கண்டதாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். வரி வசூல் என்ற பெயரில் நடந்தது இது.

ஜப்பானில் இதே வேலையைக் கோயில்கள் மூலமாகச் செய்தார்கள். 1614-இல் கிறிஸ்தவ மதம் தடை செய்யப்பட்ட பிறகு, ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த ஆலயத்தில் பெயரைப் பதிந்து, தாங்கள் கிறிஸ்தவர் அல்ல என்று சான்று பெற வேண்டியதாயிற்று. நாகசாகியில் ஆண்டுக்கு ஒருமுறை இயேசு, மரியாள் உருவம் பதித்த தகட்டைக் காலால் மிதிக்க வேண்டும். மதத்தைக் கைவிட்டவரின் வாரிசுகளுக்கும் தனிப் பதிவேடு இருந்தது. 1865-இல் உராகாமி கிராமத்தார் சிலர் நாகசாகியின் புதிய தேவாலயத்துக்கு வந்து, தாங்களும் விசுவாசிகளே என்று பிரெஞ்சுப் பாதிரியாரிடம் மெல்லச் சொன்னார்கள். இரண்டரை நூற்றாண்டுப் பதிவேடுகளை ஏமாற்றி வாழ்ந்தவர்கள் வாய்திறந்ததற்குக் கிடைத்த பரிசு நாடுகடத்தல். சுமார் 3,400 பேரைப் பல மாகாணங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். 600-க்கும் மேற்பட்டோர் அங்கேயே மடிந்தார்கள். 1873-இல்தான் தடை விலகியது.

என்னைத் தூங்கவிடாதது நெதர்லாந்து. அந்நாட்டின் மக்கள் பதிவேட்டில் போருக்கு முன்பே மதத்துக்கு ஓர் இடம் இருந்தது. கெட்ட நோக்கத்தில் யாரும் அதைச் சேர்க்கவில்லை. 1940-இல் நாஜிப் படை நுழைந்தது. மறு ஆண்டு ஜனவரியில், தாத்தா பாட்டிகளில் ஒருவர் யூதராக இருந்தாலும் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டே பழகிய மக்கள் ஏறக்குறைய எல்லோரும் பதிந்தார்கள். சுமார் 1,40,000 யூதர்களில் முக்கால் பங்கினர் உயிரோடு மீளவில்லை.

அந்தப் பட்டியலுக்கு ஞானஸ்நானமும் கண்ணில் படவில்லை. 1942 ஜூலை 26 அன்று, யூதர்களை நாடுகடத்துவதைக் கண்டித்து கத்தோலிக்க ஆயர்களின் மடல் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. ஒரே வாரத்தில் பழிவாங்கல். யூதராய்ப் பிறந்து கத்தோலிக்கரானவர்களைத் தேடிப் பிடித்தார்கள். எக்ட் நகர மடத்திலிருந்த கன்னியாஸ்திரி எடித் ஸ்டைனும் அவருடைய சகோதரியும் ஆகஸ்ட் 2 அன்று பிடிபட்டு, ஒரு வாரத்துக்குள் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள்.

1943 மார்ச் 27 இரவு, போலீஸ் உடையில் வந்த ஒரு குழு ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குத் தீவைத்தது. ஓவியர்களும் சிற்பியும் அதில் இருந்தார்கள். காவலர்களைக் கொல்லவில்லை, மயக்க ஊசி போட்டு வெளியே கிடத்தினார்கள். அட்டைகளில் ஒரு பகுதிதான் எரிந்தது. இதற்காகப் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காகிதத்தை எரிக்க உயிரைக் கொடுக்கலாம் என்று அவர்கள் துணிந்ததன் காரணம் புரியாதவர்களுக்கு, என் கவலையும் புரியாது.

பகையை வளர்த்தது மதவெறியும் பொருளாசையும்தான், ஏடு என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கெடுக்காமல் சிறுபான்மையினருக்குச் சலுகை தருவது எப்படி என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் சலுகைக்காகத் திரட்டிய விவரம் சலுகைக்கு மட்டுமே பயன்படும் என்று எந்த அரசும் தனக்குப் பின் வரும் அரசுக்காக வாக்குக் கொடுக்க முடியாதே!

சோவியத் நாட்டில் 1937 கணக்கெடுப்பு, நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்டது. தேவாலயங்கள் மூடப்பட்டு, குருமார் சிறையில் கிடந்த ஆண்டு அது. அப்படியிருந்தும் பதினாறு வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 'ஆம்' என்று சொன்னார்கள். அரசு அந்த முடிவுகளைப் பூட்டிவைத்தது, கணக்கெடுத்த அதிகாரிகளைக் கைது செய்தது. 1939-இல் மறுபடி எண்ணியபோது அந்தக் கேள்வியே தாளில் இல்லை.

ஜெர்மனியில் 1983-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எதிராகப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தன்னைப் பற்றிய விவரம் எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. அதே நாட்டில் தேவாலய வரியைப் பிடிப்பதற்காக, ஊழியர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பது இன்றும் வரித்துறைக் கணினியில் இருக்கிறது. அன்று ஆம்ஸ்டர்டாமில் இருந்தவை எரிக்கக்கூடிய அட்டைகளாவது. இன்றைய பதிவேட்டுக்கு எத்தனை பிரதிகள், எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று குடிமகன் கேட்டால், பதில் சொல்லும் கடமையைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். அதுவும் விண்ணப்பத்தில் மதத்தைக் கேட்பதற்கு முன்பே.