அணையும் கடைமடையும்: மெய்நிகர் மேசைக் கணினி

நாஞ்சில் நாட்டார்க்குப் பேச்சிப்பாறை அணையின் பெருமையை எடுத்துரைத்தல் மிகையாம். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில், 1897 முதல் 1906 வரை, மிஞ்சின் என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் கோதையாற்றின் குறுக்கே அஃது எழுந்தது. நீரை ஓரிடத்தில் தேக்கிப் பல வயல்கட்கும் பகிர்ந்தளித்தலே அதன் தத்துவம். அலுவலகக் கணினிகளிலும் இத்தத்துவம் இன்று கையாளப்படுகின்றது. அதுவே மெய்நிகர் மேசைக் கணினி முறை.

பழைய முறையில் மேசைதோறும் ஒரு முழுக் கணினி இருக்கும். நூறு பேர் பணிபுரியின் பேணவேண்டிய பெட்டிகளும் நூறாம். புதிய முறையிலோ, ஆற்றல்மிக்க சர்வரினுள் ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் பல கணினிகளைத் தனித்தனியே இயங்கச் செய்கின்றது. மேசைமேல் திரை, விசைப்பலகை, சுட்டி இவற்றுடன் சிறியதொரு முனையமே இருக்கும். தட்டிய எழுத்து வலையமைப்பின் வழியே சர்வரை அடைய, அங்கு நிகழ்வதன் காட்சி மட்டும் திரைக்கு மீளும். மூலப்படிவம் ஒன்றைத் திருத்தினால், அதினின்று பிறக்கும் கணினிகள் யாவும் திருத்தமுறும். முனையம் களவு போயினும் கோப்புகள் சர்வரிலேயே நிற்கும்.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-இல் வெளியிட்ட வி.எம்./370, ஒரு பெருங்கணினியைப் பலர்க்கும் தனிக்கணினிபோல் தோன்றச் செய்தது. நம் நாட்டில், 2008-இல் ஆந்திரப் பிரதேச அரசு 5,000 பள்ளிகட்கு என்கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் கருவிகளைத் தேர்ந்தது. ஒரு கணினியை மாணவர் பலர் ஒரே வேளையில் ஆளும் அம்முறை, மேற்கூறியதற்கு நெருங்கிய உறவினது.

நிற்க. அணைக்குரிய இடர்கள் இதற்கும் உண்டு. சர்வர் நின்றால் எல்லா மேசைகளும் ஒருங்கே நிற்கும். ஆதலின் மாற்றுச் சர்வர் இன்றியமையாதது. காலையில் யாவரும் ஒரே நேரத்தில் நுழைவாராயின் சேமிப்பகம் திணறும். முதற்செலவும் சிறிதன்று.

இவற்றினும் பெரிதொன்று உண்டு. கன்னிப்பூச் சாகுபடிக்கு மதகு திறந்ததும் தலைமடை செழிக்கும். கடைமடையோ நீரை எதிர்நோக்கிக் காத்திருக்கும். அங்ஙனமே, தலைமையிடத்தில் விரைந்தோடும் மெய்நிகர்க் கணினி, இணைப்பு நலிந்த ஊரில் தட்டிய எழுத்தைக் காட்டவும் தாமதிக்கும். நீருக்குத் தலைமடையான பேச்சிப்பாறை மலையோரமே இதற்குக் கடைமடையாதல் கூடும். அங்கமர்ந்த எழுத்தர் மந்தமானவரென்று பழிக்கப்படலாம். பிழை அவருடையதன்று, வாய்க்காலுடையது. ஆகவே இம்முறையை மேற்கொள்வோர் சர்வரின் ஆற்றலை மட்டும் கணக்கிட்டு அமையாது, கடைசி மேசையிற் சென்றமர்ந்து அதன் வேகத்தை அளந்தறிதல் கடனாகும். அணையின் சிறப்பு தேங்கிய நீரில் மட்டும் விளங்குவதன்று; கடைமடையிற் சாயும் கதிரில் விளங்குவது.