பொறியியலாளரும் மலைமண்ணும்

மலைநாட்டிலே பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில், தலவாக்கலைக்கு அண்மையில் நின்று கொத்மலை ஓயாவை நோக்குவோர்க்கு அதன் நிறமாற்றம் உடனே புலப்படும். முன்னாள் தெளிந்து ஓடிய நீர் அன்று செம்மை கலந்த மண்ணிறமாய் ஓடும். அந்நிறம் வேறெங்கிருந்தும் வந்ததன்று. நுவரெலியாவின் காய்கறித் தோட்டங்களிலும், நானுஓயாவின் இரு மருங்கிலும் உள்ள தேயிலை மலைகளிலும் கிடந்த மேல்மண்ணே அவ்வாறு கரைந்து செல்கின்றது. ஓரங்குல மேல்மண் உண்டாவதற்கு இயற்கை பல நூறு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அதைக் கழுவிச் செல்வதற்கோ சில மழைக்காலங்களே போதும்.

இக்கேடு நேற்றுத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், ஜேம்ஸ் டெய்லர் 1867 இலேயே லூல்கந்துரையிற் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை அந்நிலங்களிற் பரவியது. ஒரு புல்லும் முளைத்திராத தோட்டமே நல்ல தோட்டம் என்று அக்காலத் துரைமார் எண்ணினர். ஆதலாற் சுரண்டிகொண்டு களை நீக்கும் வேலை இடையறாது நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் வெட்டிய கான்கள் நீரை வடித்தன. ஆயினும் வெற்றுமண்ணிற் பட்ட மழையைக் கான் மட்டும் தடுத்துவிட முடியாது. மண் மெலிந்தாற் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தாற் கூடையின் நிறை குறையும். நிறை குறையும்போது கொழுந்தெடுக்கும் பெண்ணின் கைக்கு வருவதும் குறையும். எனவே மலைமண்ணின் கதை லயத்து அடுப்படியின் கதையுமாகும்.

இவ்வினாவை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் உழவர் குடியிலே பிறந்தவருமல்லர், தோட்டத் துரையுமல்லர். அவர் விமானப் பொறியியல் பயின்றவர். ரே விஜேவர்தன என்னும் அவர் 1924 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொழும்பிற் பிறந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே பொறியியல் கற்றுத் திரும்பியவர். எனினும், தம்மை ஒரு விவசாயி என்றும் இயந்திர வேலைக்காரர் என்றும் கூறிக்கொள்வதையே அவர் விரும்பினார். அவருடைய தொழிலையும், ஓய்வுநேர விருப்பங்களையும், இளைஞரை வழிப்படுத்திய முறையையும் ஒருங்கே நோக்கினால், இம்மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தன என்பது விளங்கும்.

அவருக்குப் பெயர் தேடித் தந்தது இரு சில்லுகளையுடைய கைத்தள்ளு உழவு இயந்திரமாகும். ஒருவர் பின்னே நடந்து செலுத்தும் அவ்வியந்திரம் 1950 களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் லேண்ட்மாஸ்டர் என்னும் பெயரால் உற்பத்தியாகி, வெப்ப நாடுகள் பலவற்றுக்குச் சென்றது. பெரிய உழவு இயந்திரம் புக முடியாத சிறிய வயல்களில் அது இறங்கி உழுதது. வேறொருவராயின் அவ்வெற்றியோடு அமைந்திருப்பர். விஜேவர்தனவோ தம் இயந்திரத்தையே ஐயத்துடன் நோக்கலானார். தாம் செய்தது எருமையை இயந்திரமாக்கியதேயன்றி வேளாண்மையை உயர்த்தியதன்று என்று பிற்காலத்தில் அவர் வெளிப்படையாகக் கூறினார். இயந்திரம் மனிதனின் உழைப்பைச் சுருக்கியது. நிலத்தின் விளைவையோ அது பெருக்கவில்லை. எருமை சாணமும் பாலும் தரும், கன்றும் ஈனும். இயந்திரத்துக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. அதற்கு எண்ணெயும் உதிரிப்பாகமும் கடல்கடந்து வரவேண்டும்.

அவ்வையம் அவரை மேலும் ஆழ்ந்த ஒரு கேள்விக்கு இட்டுச் சென்றது. வெப்பநாட்டு விவசாயி ஏன் உழவேண்டும்? குளிர்நாடுகளிலே மழை மென்மையாகப் பெய்யும்; பனிக்காலத்தில் இறுகிய மண்ணை உழுது சூடேற்றுவது அங்கே பொருந்தும். வெப்பநாட்டு மழையோ தாரைதாரையாகக் கொட்டுவது. ஒவ்வொரு துளியும் சிறு சம்மட்டிபோல் மண்கட்டியை உடைக்கும். உடைந்த துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். அதன்பின் நீர் கீழிறங்க வழியின்றி மேற்பரப்பிலேயே ஓடும். ஓடும்போது மண்ணையும் உடன்கொண்டு செல்லும். மண்ணின்மேல் இலையும் சருகும் போர்வையாக இருந்தாலோ துளியின் வேகம் போர்வையிலேயே அடங்கிவிடும். காட்டுத் தரையிலே மண் அரியாதிருப்பதன் இரகசியம் இதுவே. நைஜீரியா நாட்டின் இபதான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1970 களிற் பணியாற்றியபோது, உழாமலே விதையிடும் முறைகளையும் அதற்குரிய எளிய கருவிகளையும் அவர் ஆராய்ந்தார். உழவு இயந்திரத்தை ஆக்கியவரே உழவு வேண்டாத வேளாண்மைக்கு வழி தேடினார்.

தாய்நாடு திரும்பியபின் அவர் வற்புறுத்தியது சரிவுநில வேளாண்மை முறையாகும். பிலிப்பைன்ஸ் நாட்டு மலைகளிலும் இம்முறை வளர்க்கப்பட்டது. அதன் அடிப்படை எளிது. மலைச்சரிவின் குறுக்கே, ஒரே உயரத்திலுள்ள புள்ளிகளை இணைத்துக் கோடு வகுக்கவேண்டும். அக்கோட்டின்மேல் விரைந்து வளரும் மரங்களை வேலிபோல் இரட்டை வரிசையாக நெருக்கி நடவேண்டும். சரிவு மிகுந்த இடத்தில் நான்கு ஐந்து மீற்றருக்கு ஒரு வேலி அமையலாம். இடைப்பட்ட பட்டியிற் பயிர் வளரும். வேலிமரத்தை அவ்வப்போது இடுப்பளவுக்குக் கவ்வாத்துச் செய்து, இலையைப் பயிரின் அடியிற் பரப்பினால் அது போர்வையும் பசளையுமாகும். மேலிருந்து வழியும் மண் வேலியடியிலே தங்கும். சில ஆண்டுகளில், எவரும் மண்வெட்டி பிடியாமலே, படிக்கட்டுப் போன்ற தளங்கள் தாமாகவே உருவாகிவிடும்.

ஒரே உயரத்தைக் காண்பதற்கு விலையுயர்ந்த நிலஅளவைக் கருவி வேண்டுமோ என்று சிலர் ஐயுறலாம். வேண்டியதில்லை. ஆள் உயரமுள்ள இரு கம்புகளை மேலே சேர்த்துக் கட்டிக் கால்களை அகற்றி, நடுவே ஒரு குறுக்குக் கம்பைப் பிணைத்தால் ஆங்கில எழுத்தாகிய ஏ வடிவில் ஒரு சட்டம் அமையும். உச்சியிலிருந்து ஒரு நூலிற் கல்லைக் கட்டித் தொங்கவிடவேண்டும். சட்டத்தின் இரு கால்களையும் இரு முளைகளின்மேல் வைத்து, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறிக்கவேண்டும். பின்னர்க் கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடியும் குறிக்கவேண்டும். இரு குறிகளுக்கும் நட்ட நடுவே உள்ள புள்ளிதான் சமநிலைப் புள்ளி. இனி மலையிலே ஒரு காலை ஊன்றி, நூல் அப்புள்ளியில் நிற்கும்வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்தினால், இரு கால்களும் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கே ஒரு முளை அடித்து அடுத்த அடி வைக்கலாம். மூன்று கம்பும், ஒரு நூலும், ஒரு கல்லும் சேர்ந்து பொறியியற் கருவியாகிவிடுகின்றன. பத்து வயதுச் சிறுவனும் ஒரு முற்பகலில் இதனைச் செய்து பழகலாம்.

வேலிமரமாக அவர் மிகவும் விரும்பியது கிளிரிசிடியா எனப்படும் சீமைக்கிளுவை. நடு அமெரிக்காவிலிருந்து வந்த அம்மரம் காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளில் நிலைநிறுத்தும். அதன் இலை ஆடுமாடுகளுக்குத் தீனி; தடி விறகு. விறகு என்னும்போது மலைநாட்டார்க்கு அதன் பொருள் நன்கு விளங்கும். ஏறத்தாழ நான்கரைக் கிலோ கொழுந்தை உலர்த்தினால் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். அவ்வொரு கிலோவுக்கு ஒன்றரை அல்லது இரண்டு கிலோ விறகு எரிகின்றது. விறகுக்கு மரம் வெட்டினால் மலை மொட்டையாகும். எண்ணெய் வாங்கினாற் செலவு ஏறும். வேலியே விறகும் தருமாயின் இரண்டு துன்பமும் தணியும். விறகினால் மின்னாக்கும் முயற்சிக்கும் அவர் பெரும் ஆதரவாளராக விளங்கினார். 2005 இல் அரசு கிளிரிசிடியாவைத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றை அடுத்த நான்காம் பெருந்தோட்டப் பயிராக ஏற்றது. நுவரெலியா மாவட்டத்து வலப்பனையிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மெகாவாற்று ஆற்றலுள்ள விறகு மின்னிலையம் ஒன்று அமைக்கப்பட்டது.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரிலே கிளிரிசிடியா செழித்து வளராது. அதன் இடத்தில் முள்முருங்கையையோ, காட்டுச் சூரியகாந்தியையோ, வேறு குளிர்தாங்கும் செடிகளையோ நாடவேண்டும். தலவாக்கலையில் சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம், பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன் மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை இரண்டு ஆண்டுகள் வளர்த்து மண்ணைத் தேற்றவேண்டும் என்று பரிந்துரைப்பதும் இதே நோக்கத்தினாலேயாம். மரம் மாறலாம்; மண்ணை ஒருபோதும் வெறுமையாய் விடலாகாது என்னும் விதி மாறாது. நல்ல ஆசிரியன் மாணவனுக்குக் கொடுப்பது அவ்விதியையே. எந்தச் செடி என்பதை அந்தந்த மலையின் குளிரும் மழையும் அறிந்தவனே தீர்மானிக்கவேண்டும்.

இனி, அவருடைய ஓய்வுநேர விருப்பங்களைப் பார்ப்போம். விஜேவர்தன சிறு விமானங்களையும் சுழல்விசிறி கொண்டு பறக்கும் ஊர்திகளையும் தம் கையாலேயே அமைத்துத் தாமே ஓட்டிப் பார்த்தார். சிலாபத்தை அடுத்த காக்காப்பள்ளியிலுள்ள தம் தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து பறந்து செல்வது அவர் வழக்கம். பாய்மரப் படகோட்டத்தில் 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக் போட்டியிலே இலங்கையின் சார்பாகக் கலந்துகொண்டார். 1970 இல் பாங்கொக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். இவற்றைச் செல்வர் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோரும் உளர். அவ்வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை என்பது மெய்யே. எனினும் பாய்மரப் படகு கற்பிக்கும் பாடத்துக்குப் பணம் தேவையில்லை. காற்றுக்கு எவரும் கட்டளையிட முடியாது. அது வரும் திசையறிந்து பாயைத் திருப்புபவனே கரை சேர்வான். மழையை எதிர்த்து நில்லாது, அது வீழும் இடத்திற் போர்வை விரிக்கும் வேளாண்மையும் அதே அறிவின் வேறொரு பயன்பாடாகும். கையால் ஒன்றை ஆக்கி, அது பழுதானால் மீண்டும் கழற்றிப் பூட்டும் பழக்கமுடையவர், தம் உழவு இயந்திரத்தின் குறையை ஒப்புக்கொள்ளத் தயங்கவில்லை என்பதில் வியப்பில்லை.

இளைஞரை வழிப்படுத்திய பணியிலும் இப்பண்பு வெளிப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இருந்தார். அவருக்குப்பின் அப்பதவி விஜேவர்தனவுக்குக் கிடைத்தது. 2007 வரை அவர் அதனை வகித்தார். வேந்தர் பதவி பெரும்பாலும் பட்டமளிப்பு விழாவோடு முடிந்துவிடுவது. அவரோ இளம் பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் தம்மை அணுகுவதற்கு இடந்தந்தார். தமது தோட்டத்தைச் சோதனைக் களமாக்கி, காணவந்தோர்க்கு மண்ணையும் வேலியையும் நேரிலே காட்டினார். மேல்நாட்டு முறையை அவ்வாறே கொணர்ந்து நடாமல், இந்நாட்டு மண்ணுக்கும் மழைக்கும் அது ஒக்குமா என்று முதலில் வினவுதல் வேண்டும் என்பது அவர் ஓயாது கூறிவந்த கருத்து. அக்கருத்துக்குச் சான்றாகத் தம் சொந்தப் பிழையையே எடுத்துக்காட்டியமைதான் அவருடைய போதனைக்கு வலிமை தந்தது. வென்ற கதையை மட்டும் கூறும் மூத்தவரிடம் இளையவர் வியப்பை மட்டுமே பெறுவர்; தவறிய இடத்தையும் அது தெரியவந்த வழியையும் கூறுபவரிடமோ சிந்திக்கும் முறையைப் பெறுவர்.

2010 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரே விஜேவர்தன காலமானார். அடுத்த ஆண்டு அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவப்பெற்றது. பொறியியல் மாணவரின் புத்தாக்கங்களுக்கு அது பரிசளித்து வருகின்றது.

மலைநாட்டுப் பிள்ளைகளுள் இன்று பொறியியலும் கணினியும் கற்போர் பலர். படிப்பு முடிந்ததும் கொழும்புக்கும் கடல்கடந்தும் செல்வது இயல்பே; அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் விடுமுறைக்கு அட்டனிலோ கந்தப்பளையிலோ உள்ள வீட்டுக்கு வருபவர், தம்பி தங்கையரையும் லயத்துச் சிறுவரையும் அழைத்து, மூன்று கம்புகளைக் கட்டி, நூலிற் கல்லைத் தொங்கவிட்டு, வீட்டுக் காய்கறித் தோட்டத்தின் சரிவிலே ஒரு கோடு வகுத்துக் காட்டலாம். அக்கோட்டின்மேல் நடும் செடிவேலி முதல் ஆண்டிலே பெரிதாக ஒன்றும் காட்டாது. மூன்றாம் ஆண்டு மழைக்குப்பின் அதன் அடியிலே தங்கிய மண்ணை ஒரு முழக்கோலால் அளந்து பார்க்கட்டும். கழுவுண்டு போகாமல் எஞ்சிய செல்வம் இவ்வளவு என்பதை அப்பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்வர்.