பாட்டால் நேர்ந்த பிரிவு

சந்திரகிரிக்கு அருகே, சீனிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டுப் படிவழி திருமலைக்கு ஏறிச் செல்கிறது. அம்மலையே பழந்தமிழ் நூல்கள் போற்றும் வேங்கடம். இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரம் அதனைத் தமிழ்நாட்டின் வட எல்லையாகக் குறிக்கிறது. மதுரைக்கு நடந்து செல்லும் கோவலனும் கண்ணகியும் வழியில் காணும் மாங்காட்டு மறையோனும் வேங்கடத்தைப் புகழ்ந்து பேசுகிறான்.

சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என்னும் 3 காண்டங்களையும் 30 பகுதிகளையும் கொண்டது. இயல், இசை, நாடகம் மூன்றும் விரவி வருதலால் இதனை முத்தமிழ்க் காப்பியம் என்பர். இதன் காதைகளுள் பெரும்பாலானவை நிலைமண்டில ஆசிரியப்பாவால் அமைந்தவை. அப்பாவில் அடிதோறும் நான்கு சீர்கள் வரும். கதை சொல்லுதற்கு ஏற்ற சீரான நடை அது. அந்நடை நின்று இசைப்பாட்டு எழும் இடங்களை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கதையின் பெருந்திருப்பங்கள் சில அங்கேதான் உள்ளன.

முதல் திருப்பம் கானல் வரி. இந்திர விழாவின் முடிவில், புகார்க் கடற்கரையில் மாதவி யாழைக் கோவலனிடம் தருகிறாள். அவன் காவிரியையும் நெய்தல் நிலப் பெண்ணொருத்தியையும் பாடுகிறான். அவன் மனம் வேறொருத்தியிடம் சென்றதென மாதவி எண்ணுகிறாள். தானும் அவ்வாறே குறிப்புத் தோன்றப் பாடுகிறாள். அவன் அதனை மெய்யென நம்பிப் பிரிகிறான். நேரே ஒரு வினா, ஒரு விடை இருந்திருந்தால் போதும்! ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ரோமியோவும் ஜூலியட்டும் முதன்முதலாகப் பேசும் மொழிகள் இணைந்து ஒரே 14 அடிக் கவிதையாகின்றன. அங்கே பாவடிவம் இருவரைச் சேர்க்கிறது, இங்கே பிரிக்கிறது.

இரண்டாவது ஆய்ச்சியர் குரவை. அதற்கு முந்திய கொலைக்களக் காதையில், கண்ணகி தன் கையால் சமைத்த உணவை உண்டு, அவளது சிலம்பை விற்கச் சென்ற கோவலன் கள்வன் என்று வெட்டப்படுகிறான். படிப்போர் இதனை அறிவர். ஆயர்பாடியில் உள்ளோர் அறியார். குடத்துப் பால் உறையவில்லை; உறியில் இருந்த வெண்ணெய் உருகவில்லை. தீநிமித்தம் கண்டு அஞ்சிய மாதரி, எழுவர் பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களைச் சூட்டிக் குரவை ஆடச் செய்கிறாள். கண்ணன் புகழைக் கூறும் இனிய பாடல்கள் அவை. இரங்கற்பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் அவற்றை வைத்ததே இளங்கோவின் நாடகத் திறம்.

குரவை முடிகிறது. ஊரில் எழுந்த பேச்சைக் கேட்டு விரைந்து வந்த ஒருத்தி, சொல் எழாமல் நிற்கிறாள். துன்ப மாலை தொடங்குகிறது.