இடாப்பும் வினாக்கொத்தும்

வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியிற் கற்று, பின்னர்ப் பாடசாலைகளுக்குப் பயிற்சிக்கெனச் செல்லும் ஆசிரிய மாணவர்கள், தம் வகுப்பிற் கண்ட குறையொன்றைத் தாமே ஆராய்ந்து திருத்த முற்படுவதற்குச் செயல்நிலை ஆய்வு என்று பெயர். 1946இல் குர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர் இம்முறையை விளக்கி எழுதினார்.

வன்னியிலுள்ள கிளிநொச்சியின் வயற்கிராமமொன்றில், காலபோக அறுவடை நாட்களிற் பிள்ளைகளின் வரவு குறைகிறதா என்று ஒருவர் அறிய விரும்புகிறார் என்று கொள்வோம். ‘வன்னியிற் கல்வி’ என்பது தலைப்பாகுமேயன்றி ஆய்வு வினாவாகாது. இன்ன பாடசாலை, தரம் ஆறு, இன்ன மாதங்கள் என்று எல்லை நிர்ணயித்த பின்னரே முறையியலைப் பற்றிச் சிந்திக்க இயலும். எத்தனை பேர் வரவில்லை என்பதை வரவு இடாப்புச் சொல்லும்; ஏன் வரவில்லை என்பதைப் பிள்ளையிடமும் தாயாரிடமும் வினாக்கொத்தொன்றைக் கொண்டு நேரிற் பேசியே அறியவேண்டுமாதலால், இரண்டு வழிகளும் வேண்டப்படுகின்றன. அதிபரின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் முன்னரே பெறவேண்டியவை.

2009இல் முடிவுற்ற யுத்தத்தில் உற்றாரை இழந்த குடும்பங்கள் நிறைந்த இப்பிரதேசத்தில், “தகப்பனார் என்ன தொழில் செய்கிறார்?” என்னும் சாதாரண வினாவும் ஆறாத புண்ணைக் கிளறக்கூடும்; ஆய்வுக்கு இன்றியமையாததாயினன்றி அதனை நீக்கிவிடுவதே தருமம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆகவே, ஆசிரிய மாணவர்களே, வினாக்கொத்தை அச்சிடுமுன் அக்கிராமத்துத் தாயொருவரிடம் அதனை வாசித்துக் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்துங்கள்.