வாயேஜரைப் படம் பிடித்தது யார்?

1979 மார்ச்சில் வாயேஜர்-1 விண்கலம் வியாழனை நெருங்கியபோது, தொலைக்காட்சிச் செய்தியாளர்களுக்கு ஒரு சிக்கல். வியாழனின் படங்களை விண்கலம் அனுப்பிவிடும். வியாழனைக் கடந்து பறக்கும் விண்கலத்தை யார் படமெடுப்பது? அருகே இன்னொரு கேமரா கிடையாதே!

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஜிம் பிளின். யூட்டா பல்கலைக்கழகத்தில் 1978-ல் கணினி வரைகலையில் முனைவர் பட்டம் முடித்த இளைஞர். கலிஃபோர்னியாவின் பசடேனாவில் இருக்கும் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் அவர் உருவாக்கிய அனிமேஷன்கள்தான் அன்று வீட்டுத் திரைகளில் ஓடின. விண்கலம் எந்த நேரத்தில் எங்கே இருக்கும், எந்த நிலா எந்தப் பக்கம் நிற்கும், வெயில் எங்கிருந்து விழும் என்பதையெல்லாம் பயணப் பாதையின் கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டார். வியாழனின் ஈர்ப்பில் வளைந்து, வேகம் கூடி, சனியை நோக்கி விண்கலம் திரும்புவதைக் கரும்பலகையில் எவ்வளவு விளக்கினாலும் மனதில் நிற்காது. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

அவருடைய உழைப்பின் உச்சம் சனியின் வளையங்கள். தட்டையான வட்டம் ஒன்றை வரைந்து வண்ணம் பூசியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. வளையத்தைக் கோடிக்கணக்கான துகள்களின் மேகமாகவே எடுத்துக்கொண்டார். துகளில் பட்ட ஒளி எப்படிச் சிதறும், ஒரு துகள் இன்னொன்றை எப்படி மறைக்கும் என்று சமன்பாடு எழுதினார். அதை 1982-ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். அந்தக் கணக்கு சொல்வதைக் கவனியுங்கள்: வெயில் படும் பக்கத்திலிருந்து பார்த்தால், துகள்கள் நெருக்கமாக உள்ள ‘பி’ வளையம் பளிச்சென்று தெரியும். மறுபக்கம் போனால் அதே வளையம் இருண்டுவிடும். துகள்கள் குறைவாக உள்ள காசினி இடைவெளி ஒளிரும். 1980-ல் வாயேஜர்-1 அனுப்பிய நிஜப் படங்களிலும் இந்தத் தலைகீழ் மாற்றம் பதிவாகியிருக்கிறது. அறிவியல் அனிமேஷன் என்றால் இதுதான் என்பேன். அழகும் இருக்கிறது, அந்த அழகுக்குக் காரணமும் இருக்கிறது.

இன்று கணினியின் வலிமை எவ்வளவோ பெருகிவிட்டது. கவனம் அந்த அளவுக்குப் பெருகவில்லை என்பதுதான் என் வருத்தம். சிறுகோள் பட்டையை எத்தனை வீடியோக்களில் நெருக்கியடித்த பாறைக் கூட்டமாகக் காட்டுகிறார்கள்! உண்மையில் அங்கே ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாகப் பல லட்சம் கிலோமீட்டர் இடைவெளி. பயனியர்-10 தொடங்கி எத்தனையோ விண்கலங்கள் மோதாமல் கடந்திருக்கின்றன. அதே வீடியோக்களில் காற்றில்லாத வெளியில் ராக்கெட் உறுமுகிறது. கோள்கள் தோளோடு தோள் உரசி வரிசையில் நிற்கின்றன. குழந்தையின் மனதில் முதலில் பதிவது இந்தப் படம்தான். பிறகு அதை அழிப்பது பெரும்பாடு.

அனிமேஷன் என்பது அன்றைய தேதி வரைக்குமான அறிவு என்பதையும் மறக்கக் கூடாது. வியாழனின் நிலாவான அயோவில் எரிமலைகள் பொங்குவது வாயேஜர்-1 போன பிறகே தெரிந்தது. அதற்கு முன் வரைந்த எந்த அயோவிலும் அவை இருந்திருக்க வழியில்லை.

2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3-இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் இறங்கியதை நாம் நேரலையில் பார்த்தோமே, அங்கும் இறங்கிவந்த உருவம் அனிமேஷன்தான். பக்கத்தில் ஓடிய உயரமும் வேகமும்தான் விண்கலத்திலிருந்து வந்தவை. அது நிஜக் காட்சி என்றே நம்பியவர்கள் பலர். அவர்கள்மேல் தப்பில்லை, ஒளிபரப்பியவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

வீடியோ தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கணினியில் உருவாக்கிய காட்சி, அளவும் வேகமும் மாற்றப்பட்டுள்ளன’ என்று திரையின் ஓரத்தில் ஒரு வரி போடுங்கள். ஆசிரியர்களே, வகுப்பில் இத்தகைய படங்களைத் தாராளமாகப் போட்டுக் காட்டுங்கள். நடுவே ஓரிடத்தில் நிறுத்தி, இதில் எது அளந்து அறிந்தது, எது ஊகித்து வரைந்தது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.