கிதாருக்கு எந்த வால்வு ஆம்ப்ளிபையர்?

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க மேடையில் நடந்தது நண்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். கிதார் முழங்கிற்று, பாட்டுக் கேட்கவில்லை. பாடிய தங்கை தொண்டை வறளப் பாடியும் மூன்றாம் வரிசைக்கு அப்பால் ஒரு சொல்லும் எட்டவில்லை. குற்றம் அவருடையதன்று. கிதார் வாசித்த என்னுடையது. நான் இரவல் வாங்கி வந்த 85 வாட் ஆம்ப்ளிபையருடையது. இப்பொழுது சங்கத்திற்கென்றே ஒன்று வாங்கப் போகிறோம். அந்தப் பெரியதையே வாங்கிவிடலாம் என்று சிலர் கூறுகின்றனர். உறுப்பினர்களின் சந்தாப் பணம் செலவாகும் காரியம் ஆகையால், என் கருத்தை இங்கே எழுதத் துணிந்தேன்.

முதலில் ஓர் ஐயம் எழும். 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்தபின் ரேடியோக்களை விட்டு மறைந்த வால்வு, கிதாருக்கு மட்டும் ஏன்? தாங்கும் அளவுக்குமேல் ஒலியை ஏற்றினால், சாதாரண டிரான்சிஸ்டர் சுற்று அலையின் உச்சியைக் கத்தியால் நறுக்கியது போல வெட்டிவிடுகிறது. வால்வோ பெரும்பாலும் அதை மெல்ல வளைத்துக் கொடுக்கிறது. நறுக்கிய அலை காதைக் குத்தும். வளைந்த அலை இனிய கரகரப்பாகக் கேட்கும். ரேடியோவில் குறையாக எண்ணப்பட்ட இந்தக் கரகரப்பே கிதார் கலைஞர் தேடும் குணம்.

அமெரிக்காவின் பெண்டர் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட ட்வின் ரிவெர்ப், டீலக்ஸ் ரிவெர்ப் ஆகிய இரண்டும் அன்று பெரும் பெயர் பெற்றவை. பழைய பெட்டிகள் இன்று யானை விலை. ஆகவே 1990-களின் தொடக்கத்தில் அந்நிறுவனமே, '65 என்னும் ஆண்டுக் குறியோடு அவற்றை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. பழைய சுற்றுத்தான்; ஆனால் அன்று கையால் பற்றவைத்த இடத்தில் இன்று அச்சிட்ட சுற்றுப் பலகை இருக்கிறது. இதைப் பெருங்குறையாகப் பேசுவோர் உண்டு. திரைக்குப் பின்னால் நின்று கேட்டால் அவர்களில் எத்தனை பேர் வேறுபாடு கண்டு சொல்வார்கள் என்பது என் சந்தேகம்.

இனி வாட் கணக்குக்கு வருவோம். ட்வினில் நான்கு 6எல்6 வால்வுகள், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள், 85 வாட். டீலக்ஸில் இரண்டு 6வி6 வால்வுகள், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 22 வாட். 85 என்றதும் நான்கு மடங்கு சத்தம் என்று மனம் கணக்கிடுகிறது. காது அப்படிக் கணக்கிடுவதில்லை. திறன் இரட்டித்தால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு திறன். 22-க்கும் 85-க்கும் உள்ள இடைவெளி 6 டெசிபெல்கூட நிரம்பாது. ட்வினில் ஸ்பீக்கர் இரண்டாகையால் இன்னும் சற்றுக் கூடலாம், அவ்வளவே. 3 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் நல்ல ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினால், அதுவே ஆம்ப்ளிபையரின் திறனை இரட்டித்ததற்குச் சமம்.

அப்படியானால் பொங்கலன்று பாட்டு ஏன் மூழ்கிற்று? ட்வினின் சத்தக் குமிழை இரண்டில் வைத்திருந்தேன். அதிலேயே அரங்கு நிறைந்துவிட்டது. ஒலியோ சுத்தமாக, உயிரின்றி வந்தது. கரகரப்பு வேண்டி நாலுக்கு ஏற்றினேன். கரகரப்பு வரவில்லை, பாட்டுத்தான் போயிற்று. இவ்விரு பெட்டிகளிலும் தனி மாஸ்டர் குமிழ் கிடையாது. சத்தம் ஏறினால்தான் வால்வு திணறும். திணறினால்தான் அந்த இனிமை வரும். டீலக்ஸ் நடுக்குமிழிலேயே திணறத் தொடங்கும். பற்றாத ஒலிக்கு முன்னால் ஒரு மைக் வைத்து அரங்கின் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் முடிந்தது. சுத்தமான ஒலியையே விரும்பும் ஜாஸ் கலைஞருக்கு ட்வின் அருமையானது, மறுக்கவில்லை. நமக்கு அது மிகை.

மேலும் ட்வின் ஏறக்குறைய 29 கிலோ, டீலக்ஸ் 19. விழா முடிந்த இரவில் விடுதி மாடிப்படியில் தூக்குவோருக்கு அந்தப் பத்துக் கிலோவின் அருமை தெரியும். வால்வு தேய்ந்தால் நான்கு வாங்குவதா இரண்டு வாங்குவதா என்பதும் உண்டு. தி ஷேடோஸ், பீட்டில்ஸ் குழுக்களால் புகழ்பெற்ற இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30-க்கும் மறுபதிப்பு வருகிறது. அதில் மாஸ்டர் குமிழும் உண்டு. ஆனால் 30 வாட்டுக்கு முப்பது கிலோவுக்குமேல் சுமக்க வேண்டும்! 2019 முதல் வால்வே இல்லாத டிஜிட்டல் டீலக்ஸும் ஏறக்குறைய பாதி எடையில் கிடைக்கிறது. முதுகு அதைத்தான் கேட்கிறது. காது இன்னும் இசையவில்லை.

மின்சாரம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் வாங்கி அனுப்புவார் என்று ஒரு நண்பர் சொன்னார். அமெரிக்காவுக்கென்று செய்த பெட்டி 120 வோல்ட்டுக்கு உரியது. அதை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் பெட்டி பாழாகிவிடும். பின்புறத்தில் 230 என்று எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். 1960-களின் அமெரிக்கப் பெட்டிகளில் எர்த் கம்பியில்லாத இரு முனைப் பிளக் இருந்தது. மறுபதிப்பில் எர்த்துடன் மூன்று முனை. பழையதைவிட மறுபதிப்பை நான் விரும்ப இதுவே முதற் காரணம். இரைச்சல் கேட்கிறதென்று எர்த் முனையைக் கழற்றிவிடும் பழக்கம் சில மேடைகளில் உண்டு. ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972-இல் ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். அணைத்த பின்னும் பெட்டிக்குள் கெபாசிட்டர்களில் நானூறு வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கக் கூடும். இயற்பியல் மாணவராயினும் உள்ளே கைவிட வேண்டாம்.

கடைக்குச் செல்லும் நாளில் நம் கிதாரையே எடுத்துச் செல்வோம். பாடும் தங்கையையும் அழைத்துப் போக வேண்டும். நான் வாசிக்க, அவர் மைக்கின்றிப் பாடட்டும். செயலாளர் பத்தடி தள்ளி நின்று இரண்டையும் கேட்கட்டும்.